துயருற்ற நெஞ்சுக்குத் துணை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

     

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கின்றது. தெருவிளக்கின் கீழே பாய் விரித்துத் தொடங்கிய இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கின்றனர். இக்காட்சியைக் கண்டு உள்ளம் பூரிக்காதார் இலர். வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பதே மரபு. அவற்றைச் சொல்வதற்குப் பலர் உளர். நாமோ, சங்கம் செய்யத் தவறிய ஒன்றைப் பற்றியும் இனிச் செய்ய வேண்டிய ஒன்றைப் பற்றியும் பேச விழாக் குழுவினரிடம் இசைவு கேட்டோம். அவர்களும் மனமுவந்து அளித்தனர். அவர்களுக்கு நம் நன்றி.

பேரழிவும் பெருவிபத்தும் நேரும்போது உடலைக் காப்பதற்கு மருத்துவர் உண்டு. தீயை அணைப்பதற்குத் தீயணைப்பு வீரர் உண்டு. உதவித்தொகை வழங்குவதற்கு அரசு உண்டு. அந்த நேரத்தில் மக்களின் நெஞ்சத்தைக் காப்பவர் யார்? அந்தப் பணி எத்தகையது? அதில் நம் பங்கு என்ன? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நம் தவற்றைச் சொல்லிவிடுவோம். பல ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், நம் மாவட்டத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வெடி விபத்து நேர்ந்தது. மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சிலர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நம் இரவுப் பள்ளி மாணவன் ஒருவனின் தாய். அவனுக்கு அப்போது வயது பதின்மூன்று. செய்தி கேட்டு நாங்கள் ஓடினோம். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தோம். ஈமச் செலவுக்குப் பணம் திரட்டினோம். விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தோம். அதுவரையில் குறையில்லை. பின்னர், அழாமல் சுவரில் சாய்ந்து நின்ற அச்சிறுவனிடம் சென்று, "தம்பி, நீ ஆண்பிள்ளை, தைரியமாக இருக்க வேண்டும். நன்றாகப் படித்து அம்மாவின் கனவை நிறைவேற்று" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னோம். நல்லதைச் செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

ஒரு மாதத்தில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாங்கள் வீட்டுக்குச் சென்று கண்டித்தோம். அவன் தலைகுனிந்து நின்றான்; மறுமொழி சொல்லவில்லை. ஓராண்டில் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, அவனுடைய அம்மாச்சி சொல்லித்தான் உண்மை தெரியவந்தது. விபத்து நேர்ந்த அன்று அவன் தாய்க்கு உடல் நலமில்லை. வேலைக்குப் போக வேண்டாம் என்றிருந்தார். முந்திய இரவு அவன் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு அடம் பிடித்திருக்கிறான். அதனால்தான் தாய் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறினார் என்று அவன் நம்பினான். "அம்மாவை நான்தான் கொன்றேன்" என்பதே அவன் நெஞ்சுக்குள் இருந்த சொல். அதை இறக்கி வைப்பதற்கு அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நாங்கள் ஐவர் சென்றிருந்தோம். ஐவரும் பேசினோம். ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் கனவை நிறைவேற்று என்ற எங்கள் சொல் அவன் காதில் குற்றச்சாட்டாகவே விழுந்திருக்கிறது.

அன்புடையோர் செய்த தவறு இது. அன்பு மட்டும் போதாது, அதற்குக் கல்வியும் வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தோம். அந்தக் கல்வியின் பெயர் உளவியல்.

உளவியல் என்றதும் பைத்தியத்துக்குப் பார்க்கும் வைத்தியம் என்று நினைப்போர் நம்மிடையே இன்றும் உளர். அது சரியன்று. மனநோய்க்கு மருந்து கொடுப்பவர் மனநல மருத்துவர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனத்தின் இயல்பைக் கற்று, சொல்லாலும் பயிற்சியாலும் துன்பத்தைக் குறைப்பவர் உளவியலாளர். குடும்பம், வேலை, அரசு உதவி ஆகியவற்றோடு சேர்த்து மனத்துயரைக் கவனிப்பவர் மனநல சமூகப் பணியாளர். இம்மூவரும் கூடியே பேரிடர்க் காலத்தில் பணி செய்கின்றனர்.

இப்பணியின் வரலாறு நெடியதன்று. 1942 நவம்பர் 28ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்து 492 பேர் மாண்டனர். தப்பியவர்களையும் உறவினரை இழந்தவர்களையும் எரிக் லிண்டமன் என்ற மருத்துவர் கவனித்து, 1944இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துயரம் ஒரு நோயன்று. அது மனம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. அந்த வேலையைத் தடுத்தால்தான் நோய் வருகின்றது என்பது அவர் கண்ட முடிவின் சாரம். 'நான் காப்பாற்றியிருக்கலாமே' என்ற குற்ற உணர்வு இழந்தோரிடம் மிகுந்து காணப்படுவதையும் அவர் குறித்தார். நம் மாணவனின் நெஞ்சில் இருந்ததும் அதுவே அன்றோ?

நம் நாட்டில் இப்பணிக்கு வித்திட்டது ஒரு பெருங்கொடுமை. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் நச்சு வாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தொடக்கத்தில் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் மருத்துவம் நடந்தது. மனத்தை எவரும் நினைக்கவில்லை. 1985 பிப்ரவரியில் மனநல வல்லுநர்கள் அங்குச் சென்று, மருத்துவ நிலையங்களுக்கு வந்தோரைச் சோதித்தபோது, ஐவரில் ஒருவருக்கு மேல் மனத்துயர் நோய்க்கு ஆளாகியிருக்கக் கண்டனர். வல்லுநர்கள் சிலரால் அத்தனை பேரையும் பார்க்க முடியாது. ஆகவே அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்தனர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையமான நிம்ஹான்ஸ் இதில் முன்னின்றது. பின்னர் 1999இல் ஒரிசாவைப் புயல் தாக்கியபோதும், 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் நிலம் நடுங்கியபோதும் இன்னும் ஒரு படி இறங்கிச் சென்றனர். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊர் இளைஞர் ஆகியோரைச் சில நாட்கள் பயிற்றுவித்து, வீடு வீடாக அனுப்பினர். வல்லுநர் கையிலிருந்த விளக்கு ஊரார் கைக்கு வந்த வரலாறு இது.

அவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டவர் செய்வது யாது? உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு அதனை மூன்று சொற்களில் அடக்குகின்றது. பார், கேள், இணை என்பன அவை.

பார் என்றால் முதலில் இடத்தைப் பார். ஆபத்து நீங்கியதா என்று பார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். வேலை செய்தவர்களோடு, உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர் என்பதை நாம் மறக்கலாகாது. ஆபத்து நீங்கிய பின்னர் ஆட்களைப் பார். எவர் தனித்து நிற்கிறார், எந்தக் குழந்தைக்குத் துணையில்லை, எவருக்குத் தண்ணீர் வேண்டும், எவர் பேச்சற்று இருக்கிறார் என்று பார்.

கேள் என்றால் கேள்வி கேட்பது அன்று, காது கொடுப்பது. அருகில் அமர்வது, பேசினால் கேட்பது, பேசாவிட்டால் உடனிருப்பது. "எல்லாம் விதி", "உனக்காவது உயிர் மிஞ்சியதே", "அவனைப் பார், அவனுக்கு இரண்டு பேர் போய்விட்டார்கள்" என்பன போன்ற சொற்களை விலக்குவது. அழுகிறவரை அழாதே என்று சொல்லாதிருப்பது.

இணை என்றால், துன்புற்றவரை அவருக்கு வேண்டியவற்றோடு சேர்த்து வைப்பது. பிரிந்த பிள்ளையைத் தாயோடு சேர்ப்பது. அடையாளம் காண வேண்டிய உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று மெய்யான செய்தியைக் கேட்டறிந்து சொல்வது. இறப்புச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் வழி காட்டுவது. நோய் முற்றியவரை மருத்துவரிடம் கூட்டிச் செல்வது. தமிழகத்தில் இத்துறையினரை ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். இச்சொல்லின் அருமையை எண்ணிப் பாருங்கள். பழந்தமிழில் ஆற்றுப்படை என்பது, வறுமையில் வாடி வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், எதிரே வரும் மற்றொரு வறிய கலைஞனுக்கு வழி சொல்லும் பாட்டு. வழி சொல்பவனும் அதே வறுமையில் உழன்றவன். அதே வழியில் நடந்தவன். துன்பத்தை அறிந்த நம் சமுதாயத்தாரைக் காட்டிலும் இப்பணிக்கு உரியவர் யார்?

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு காலத்தில், விபத்து நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து, நடந்தது அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லச் செய்தால் பின்விளைவு வராது என்று மேலைநாட்டு வல்லுநர் பலர் நம்பினர். 1980களில் இம்முறை பரவிற்று. அதைச் சோதித்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. தீக்காயமுற்றோரிடம் நடத்தி 1997இல் பிரிட்டனில் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவ்வாறு பேசச் செய்யப்பட்டவர்களுள் 26 விழுக்காட்டினர் பதின்மூன்று மாதங்களுக்குப் பின்னும் அதிர்ச்சி நோயால் வருந்தினர். பேசச் செய்யாதவர்களுள் அவ்வாறு வருந்தியோர் 9 விழுக்காட்டினரே. முதற்பிரிவினரின் காயம் கடுமையாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் பிற ஆய்வுகளும் பயனைக் காணவில்லை. ஆறாத புண்ணைக் கிளறினால் ஆறாது. பேச விரும்புபவர் பேசட்டும். பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. கையில் கைப்பேசியோடு சென்று "எப்படி நடந்தது, சொல்லுங்கள்" என்று படம் பிடிப்போர் செய்யும் தீங்கை இதனால் அறியலாம்.

பெரும் அதிர்ச்சிக்குப் பின் உறக்கம் வராது. சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடும். நடந்தது கண்முன் வந்து வந்து போகும். உணவு இறங்காது, காரணமின்றிக் கோபம் வரும். குழந்தைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும், தாயின் முந்தானையை விடாமல் பற்றிக்கொள்வதும் உண்டு. இவை பைத்தியத்தின் அறிகுறிகள் அல்ல. பேய் பிடித்ததன் அடையாளமும் அல்ல. இயல்புக்கு மாறான நிகழ்ச்சிக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினைகள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் தணியாமல், வேலையும் உறவும் கெடுமாயின், குடிப்பழக்கம் பெருகுமாயின், சாவைப் பற்றிய பேச்சு எழுமாயின், உடனே வல்லுநரிடம் செல்ல வேண்டும். இவ்வளவையும் அறிந்துகொள்ளப் பட்டம் வேண்டுவதில்லை. நம் இரவுப் பள்ளியிலேயே கற்கலாம்.

இனி, நம் தமிழகம் கண்ட பேரழிவுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர்; அவர்களுள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நிம்ஹான்ஸ் நிலையத்தாரும், சென்னையிலுள்ள ஸ்கார்ப் என்னும் மனநல ஆய்வு நிறுவனத்தாரும், பல தொண்டு நிறுவனத்தாரும் கடற்கரை ஊர்களுக்குச் சென்றனர். ஊரிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்றுவித்தனர். சென்னைக் கடற்கரையில் சீனிவாசபுரம் என்னும் குடியிருப்பில், உறவினரை இழந்தோரைத் தற்கொலைத் தடுப்புப் பணியில் தோய்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் கவனித்தனர். பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டர்கள் வீடு தேடிச் சென்று, தோழமையோடு உடனிருந்து, கேட்டு வந்தனர். ஓராண்டுக்குப் பின் அத்தகைய தொண்டர் செல்லாத வேறோர் இடத்தாரோடு ஒப்பிட்டபோது, இங்கிருந்தோரின் மனத்துயர் குறைந்திருந்தது. மருந்தால் அன்று, மனிதர் வருகையால் நேர்ந்த நன்மை இது.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் பேசாவிட்டால் இம்மன்றத்தில் நாம் நிற்பதற்குப் பொருளில்லை.

அலை உயர்வு தாழ்வு பார்க்கவில்லை. ஆனால் அலைக்குப் பின் வந்த உதவி பார்த்தது. நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவும் ஒரே கூரையின் கீழ் தங்கவும் தடுக்கப்பட்டதும் அக்காலத்துச் செய்தித்தாள்களிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் பதிவாகியுள்ளன. படகும் வலையும் இழந்தவரின் இழப்பு கணக்கில் வந்தது. உப்பு நீர் ஏறிய வயலில் கூலி இழந்தவருக்கு இழந்ததைக் காட்டச் சான்று இல்லை. வீடு இழந்தவன் அழுகிறான். வீடு இழந்ததோடு வரிசையிலிருந்தும் விலக்கப்பட்டவன் எதை அழுவான்? அவனுக்கு அலை ஒரு காயம். அயலார் மற்றொரு காயம். முதற்காயத்தைக் காலம் ஆற்றும். இரண்டாவதை நீதிதான் ஆற்றும்.

உடல்களை அகற்றியவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்துக்குப் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். இன்று தூய்மைப் பணியாளர் என்று அழைக்கப்படும் அவர்களுள் பெரும்பாலோர் நம்மவர். பிறர் அருகில் செல்ல அஞ்சிய உடல்களை, தகுந்த காப்புக் கருவிகள் போதாத நிலையில், நாள் கணக்கில் அவர்கள் எடுத்தனர். அந்த உடல்களுள் குழந்தைகளும் இருந்தனர். மீட்புப் பணி செய்வோர்க்கும் மனக்காயம் ஏற்படும். அவர்களுக்கு ஓய்வும் மாற்றாளும் கேட்பாரும் வேண்டும் என்று உளவியல் நூல்கள் அனைத்தும் கூறுகின்றன. தம் கையால் குழந்தைகளைக் குழியில் இறக்கிய அத்தொழிலாளி ஊர் திரும்பிய இரவில் எவ்வாறு உறங்கினார் என்று எத்தனை பேர் கேட்டனர்? "அவர்களுக்குப் பழக்கம்தானே" என்று உலகம் சொல்லிற்று. பிணத்துக்குப் பழகிய நெஞ்சு என்று ஒன்று பிறப்பால் உண்டாவதில்லை. பிறப்பால் ஒருவர்க்கு ஒரு தொழில் என்ற பொய்யும், பிறப்பால் ஒருவர்க்கு உணர்ச்சி குறைவு என்ற பொய்யும் ஒரே வேரில் முளைத்தவை.

ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு, 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அதன் 61ஆம் பிரிவு, உதவியும் இழப்பீடும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்று விதிக்கின்றது. இயற்கைச் சீற்றம் மட்டுமன்றி, மனிதரால் நேரும் பெருவிபத்தும் அச்சட்டத்தில் பேரிடராகும். 2009 டிசம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், மனநல உதவியும் நிவாரணத்தின் ஒரு பகுதியே என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று கூறிவிட்டது. ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று. இளைஞர்கள் இச்சட்டங்களைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடல் கடந்து ஈழத்தையும் சற்றுப் பார்ப்போம். அங்கே நெடும்போரின் நடுவே, யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவருடைய துணைவர்களும் தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே உளநலம் கற்பித்தனர். ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் பயிற்றுவித்தனர். அதிர்ச்சியால் ஏற்படும் காயத்துக்கு மனவடு என்றும், நாம் ஆற்றுப்படுத்தல் என்பதற்கு உளவளத்துணை என்றும் அங்கு வழங்குகின்றனர். போர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றது. ஆதலால் குணமும் ஊராகக் கூடியே வர வேண்டும் என்பது அவர் வற்புறுத்தும் கருத்து. இழவு வீட்டுச் சடங்குகளும், கூடி அழுவதும், ஆண்டு நினைவும் துயர் ஆறுவதற்குத் துணை நிற்கின்றன என்பதையும் அவர்கள் உணர்த்தினர்.

நம் மக்களுக்கு இது புதிதன்று. ஒப்பாரி வைத்து அழும் நம் தாய்மார்கள் இறந்தவரின் வாழ்க்கை முழுவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறார்கள். கேட்போரும் உடன் அழுகிறார்கள். லிண்டமன் 'துயரின் வேலை' என்று எழுதியதை அவர்கள் எழுத்தறியாமலே செய்து வந்துள்ளனர். ஆனால் வெடி விபத்தில் கரிந்த உடலைத் துணியால் மூடிக் கட்டிக் கொடுக்கிறார்கள். முகம் பார்க்க இயலாது, குளிப்பாட்ட இயலாது, வந்த வேகத்தில் அடக்கம் முடிந்துவிடுகின்றது. அழ வேண்டிய அழுகை உள்ளேயே நின்றுவிடுகின்றது. அத்தகைய வீட்டில், இறந்தவரின் படத்தை வைத்து, ஊர் கூடி, நிதானமாக ஒரு நினைவு நாள் நடத்துவதற்கு நாம் உதவ வேண்டும். படித்தவர்கள் ஒப்பாரியைக் கண்டு கூச்சப்படுகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை.

இப்போது நம் மண்ணுக்குத் திரும்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூர், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளின் சிற்றூர்களில் விடியுமுன் வேன்கள் வந்து நிற்கின்றன. நம் பெண்கள் தூக்குவாளியோடு ஏறுகின்றனர். 2012இல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை நாடறிந்தவை. ஒருவர் இருவர் மாண்டு நாளிதழின் ஒரு மூலையில் முடிந்துபோனவை எத்தனையோ. ஒவ்வொன்றின் பின்னும் நிவாரணத் தொகை அறிவிக்கின்றனர். பெரியோர் வந்து மாலையிடுகின்றனர். பதினாறாம் நாளோடு எல்லோரும் கலைந்து போகின்றனர். அதன் பின்னர்தான் துயரம் தன் வேலையைத் தொடங்குகின்றது.

உயிர் தப்பிய பெண் ஒருத்தி தீபாவளி இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, காதைப் பொத்தியபடி மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் முழுதும் வெடியோசை. அந்த வெடியைச் செய்ததும் அவள் கைதான். கணவனோ, "சும்மா நடிக்கிறாள்" என்கிறான். பக்கத்து வீட்டார் கோடாங்கியிடம் கூட்டிப் போகச் சொல்கின்றனர். தை பிறந்ததும் அவளே மறுபடி அதே வேனில் ஏறுகிறாள். வேறு வேலை இல்லை. இத்தகைய வீடுகளை நாம் அறிவோம். வேலைப் பாதுகாப்பும் மாற்றுத் தொழிலும் இல்லாமல் ஆறுதல் மொழி மட்டும் சொல்வது முழு உதவியாகாது. பாதுகாப்பைக் கேட்டுப் போராடுவதும் நெஞ்சைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே. ஆயினும், போராட்டம் வெல்லும் வரையில் அவள் தனியே மூலையில் உட்கார்ந்திருக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. 1990களில் தென் மாவட்டங்களில் நிகழ்ந்த சாதிக் கலவரங்களின்போது, இரவோடு இரவாகக் காட்டுக்குள் ஓடி ஒளிந்த குழந்தைகள் இன்று நடுத்தர வயதினர். இம்மன்றத்திலும் அவர்கள் இருக்கலாம். அந்த இரவைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் பேசாதோர் உளர். காலங்கடந்துவிட்டது என்று அவர்கள் எண்ண வேண்டாம். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் சுமையை இறக்கலாம்.

ஆகவே, வெள்ளி விழாவின் நினைவாக நான்கு செயல்களை இச்சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவரைத் தேர்ந்து, பார், கேள், இணை என்ற முதலுதவியில் பயிற்றுவிக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தினரிடம் பயிற்சி கேட்டு விண்ணப்பிப்போம். முதியோரைத் தவிர்க்க வேண்டாம். நம் மாணவனின் உண்மையை அறிந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அவன் அம்மாச்சியே.

இரண்டாவது, துயரம் நேர்ந்த வீடுகளுக்கு ஒரு பதிவேடு வைப்போம். மூன்றாம் நாள், பதினாறாம் நாள், மூன்றாம் மாதம், முதல் தீபாவளி, ஆண்டு நினைவு என்று ஐந்து முறை அந்த வீட்டுக்கு இருவர் செல்ல வேண்டும். கூட்டமாகச் செல்ல வேண்டாம். அறிவுரை கூற வேண்டாம். குழந்தைகளோடு தரையில் அமர்ந்து நேரம் செலவிட்டால் போதும்.

மூன்றாவது, அரசு நடத்தும் டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவியின் எண் 14416 என்பதை நம் தெருக்கள் தோறும் எழுதி வைப்போம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. அங்குச் செல்ல வெட்கப்படுபவரோடு உடன் செல்வது நம் தொண்டரின் கடமை.

நான்காவது, நம் பிள்ளைகள் உளவியல் படிக்க வேண்டும். பொறியியலும் செவிலியமும் போலவே இதுவும் ஒரு கல்வி. இளங்கலையும் முதுகலையும் முடித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ உளவியல் பயிற்சியும் பெற்றால், மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பணிபுரியலாம். நம் வீட்டு மொழியும், நம் தெருவின் அவமானமும், நம் தாயின் ஒப்பாரியும் அறிந்த ஓர் உளவியலாளர் எதிரே அமர்ந்தால், சொல்லத் தயங்குவதையும் நம் மக்கள் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு மாணவிக்கும் ஒரு மாணவருக்கும் இப்படிப்புக்காகவே உதவித்தொகை வழங்குமாறு சங்கத்தை வேண்டுகிறோம். கற்பி என்பதை அண்ணல் அம்பேத்கர் தம் மூன்று கட்டளைகளுள் முதலில் வைத்தார். கற்ற கல்வி துயருற்றவர் வீட்டு வாசலுக்குச் செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பம்.

அந்த மாணவன் என்னவானான் என்று நீங்கள் கேட்கலாம். அவன் இன்று குடும்பத்தோடு வாழ்கிறான். படிப்பைத் தொடரவில்லை. உண்மை தெரிந்த பின்னர் எங்களுள் ஒருவர் அவனைத் தேடிச் சென்று, ஆலை வாசலில் இரவுப் பணி முடியும்வரை காத்திருந்து, தேநீர்க் கடை பெஞ்சில் அவனோடு அமர்ந்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, அன்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேசினான். வெயில் ஏறும்வரை பேசினான். அதன் பின் அவ்வப்போது எங்களைப் பார்க்க வருகிறான். இந்த விழாவுக்கு அழைத்தோம். இரவுப் பணி இருப்பதாகச் சொல்லிவிட்டான். அது மெய்யாகவும் இருக்கலாம். இரவுப் பள்ளியில் அவன் அமர்ந்திருந்த இடத்தை நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இத்தகைய ஒரு பிள்ளையும் கேட்பாரின்றிச் சுவரில் சாய்ந்து நிற்கலாகாது. அதற்கு உறுதி பூண்போம்.